பட்டம் பெறும்வரை காத்திருக்க வேண்டுமா?

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். சாயங்கால நேரம். மகள் பிளஸ்-2 தேறிவிட்டாள். உயிரியல் படித்தவள். நல்ல மார்க்கு. அவள் தயங்கித் தயங்கித் தகப்பனாரிடம் வருகிறாள்.

"அப்பா, பல் டாக்டர் படிப்புக்கு மனுப் போடட்டுமா?"

தகப்பனார் யோசிக்கிறார்.

"இப்பவேயா? முதல்லே ஒரு பட்டம் வாங்கும்மா. பி.எஸ்சி. முடிச்சுடு. அப்புறம் பார்க்கலாம். அமெரிக்காவிலே இருக்கிற உன் பெரியம்மா மகன் அப்படித்தானே படிச்சான்?"

மகள் மறுபேச்சுப் பேசவில்லை. அடுத்த வாரமே அவள் பி.எஸ்சி. வகுப்பில் சேர்ந்துவிடுகிறாள். பல் டாக்டர் ஆசை மனத்துக்குள் கிடக்கிறது.

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. பல வீடுகளில் நடக்கும் பேச்சு. தகப்பனார் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. மகளின் நன்மைக்குத்தான் சொன்னார். ஆனால் அவர் சொன்னது இந்த நாட்டுக்குப் பொருந்தாது. அது அமெரிக்காவின் வழக்கம். அதை இங்கே பின்பற்றினால் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மூன்று ஆண்டுகள் வீணாகப் போகும்.

பட்டம் தேவை இல்லை

இந்தியாவில் பல் டாக்டர் படிப்புக்குப் பெயர் பி.டி.எஸ். அதுவே ஒரு பட்டப் படிப்புதான். அதில் சேருவதற்கு இன்னொரு பட்டம் தேவை இல்லை. பிளஸ்-2 தேறினால் போதும்.

பிளஸ்-2 வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய பாடங்களைப் படித்திருக்க வேண்டும். உயிரியலுக்குப் பதிலாக விலங்கியலும் தாவரவியலும் படித்திருக்கலாம். இந்தப் பாடங்களில் பொதுப் பிரிவினர் 100-க்கு 50 மார்க்கு வீதம் வாங்கியிருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 40 போதும். ஆங்கிலத்திலும் தேறியிருக்க வேண்டும். சேருகிற ஆண்டின் டிசம்பர் 31-ந் தேதிக்குள் 17 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இவற்றோடு "நீட்" என்னும் நுழைவுத் தேர்வும் உண்டு. அதைத் தமிழிலேயே எழுதலாம்.

இவ்வளவுதான் தகுதி. பி.எஸ்சி. முடித்தாயா என்று எவரும் கேட்கமாட்டார்கள்.

பி.டி.எஸ். படிப்பு நான்கு ஆண்டு. அதன்பிறகு ஓர் ஆண்டு ஆஸ்பத்திரியில் பயிற்சி. மொத்தம் ஐந்து ஆண்டு. பதினெட்டு வயதில் சேரும் பெண் இருபத்துமூன்று வயதில் பல் டாக்டர் ஆகிவிடுவாள்.

அதே பெண் முதலில் மூன்று ஆண்டு பி.எஸ்சி. படித்தால் என்ன ஆகும்? அதற்காகப் பல் மருத்துவக் கல்லூரியில் ஒரு மாதம்கூடக் குறைக்கமாட்டார்கள். அவளும் முதலாம் ஆண்டு வகுப்பில்தான் உட்கார வேண்டும். டாக்டர் ஆகும்போது அவளுக்கு இருபத்தாறு வயது ஆகியிருக்கும்.

மூன்று ஆண்டு என்பது சிறிய காலம் அல்ல. ஏழை வீட்டில் அது மூன்று ஆண்டுச் சம்பாத்தியம். பெண் பிள்ளை என்றால் இன்னொரு ஆபத்தும் உண்டு. பி.எஸ்சி. முடிப்பதற்குள் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். "அப்புறம் பார்க்கலாம்" என்ற பேச்சு அத்தோடு அடங்கிப் போய்விடும்.

அமெரிக்காவில் எப்படி?

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே பள்ளிக்கூடம் முடித்தவர்கள் நேராகப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போவதில்லை. நான்கு ஆண்டு கல்லூரியில் படித்துப் பட்டம் பெறுவார்கள். அதன்பிறகு நான்கு ஆண்டு பல் மருத்துவம். ஆக எட்டு ஆண்டு.

ஆனால் அந்த நாட்டில்கூடப் பட்டம் கைக்கு வந்த பிறகுதான் மனுப் போட வேண்டும் என்பது இல்லை. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு முடிகிற சமயத்திலேயே மனுப் போடுவது அங்கே வழக்கம். இடம் கிடைத்தபின் கடைசி ஆண்டைப் படித்து முடிப்பார்கள். சில கல்லூரிகள் மூன்று ஆண்டுப் படிப்பு இருந்தாலே சேர்த்துக்கொள்கின்றன. சில பல்கலைக்கழகங்களில் இரண்டு படிப்பையும் ஒன்றாக இணைத்து ஏழு ஆண்டில் முடித்துவிடலாம்.

ஆகவே, "பட்டம் முடியும்வரை காத்திரு" என்பது அமெரிக்காவிலேயே முழு உண்மை அல்ல.

மற்ற நாடுகளையும் பார்க்கலாம். இங்கிலாந்தில் பள்ளிப் படிப்பு முடித்தவர்கள் நேராகப் பல் மருத்துவக் கல்லூரியில் சேருகிறார்கள். சிங்கப்பூரிலும் அப்படித்தான். இலங்கையில் உயர்தரப் பரீட்சை தேறியவர்கள் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் படிக்கிறார்கள். இந்தியாவின் முறையும் அதே முறைதான்.

புதுக்கோட்டை மாவட்டத்தில் வெளிநாட்டில் உறவினர் இருக்கும் குடும்பங்கள் பல. அந்த உறவினர்கள் சொல்லும் யோசனையைக் கேட்கலாம். ஆனால் எந்த நாட்டு முறையைச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

புதுக்கோட்டை காட்டிய வழி

பட்டம் பெறாமலே மருத்துவம் படிக்கப் போனவர்களில் ஒருவரைப் புதுக்கோட்டை நன்றாக அறியும். அவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி.

அவர் 1886-ஆம் ஆண்டில் புதுக்கோட்டையில் பிறந்தார். அந்தக் காலத்தில் பெண்கள் கல்லூரிக்குப் போவது கிடையாது. புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்கள்தான் படித்தார்கள். முத்துலட்சுமி அங்கே சேர விரும்பினார். எதிர்ப்புக் கிளம்பியது. ஒரு பெண் வந்து உட்கார்ந்தால் ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று சிலர் சொன்னார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அந்தப் பேச்சைக் கேட்கவில்லை. முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு கொடுத்தார்.

அங்கே இண்டர்மீடியட் தேறியதும் முத்துலட்சுமி என்ன செய்தார்? பி.ஏ. பட்டம் பெறும்வரை காத்திருக்கவில்லை. 1907-ஆம் ஆண்டில் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1912-ல் டாக்டர் ஆனார்.

பிறகு அவர் சட்டசபை உறுப்பினர் ஆனார். தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். ஆதரவற்ற பெண்களுக்காக அவ்வை இல்லம் தொடங்கினார். அவருடைய தங்கை புற்றுநோயால் இறந்துபோனார். அந்தத் துயரம் அவர் மனத்தை விட்டு நீங்கவில்லை. பல ஆண்டுகள் பாடுபட்டுச் சென்னை அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை நிறுவினார். அது 1954-ல் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம் படித்துவிட்டு அப்புறம் பார்க்கலாம்" என்று அன்று அவர் வீட்டில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த "அப்புறம்" வந்திருக்குமா? பெற்றோர்கள் சிந்திக்க வேண்டிய விஷயம் இது.

முன்பு இருந்த முறை

வீட்டுப் பெரியவர்களுக்குக் குழப்பம் வருவதற்குக் காரணம் உண்டு. சேர்க்கை முறை அடிக்கடி மாறியிருக்கிறது.

சென்னையில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி 1953-ல் தோன்றியது. முதலில் அது சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத்தான் இருந்தது. அந்தக் காலத்தில் பிளஸ்-2 வகுப்பு கிடையாது. பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர்கள் கல்லூரிக்குப் போய் பி.யூ.சி. படிப்பார்கள். அதற்குப் பிறகுதான் டாக்டர் படிப்பு. கல்லூரிக்குப் போய்விட்டு வந்துதான் டாக்டர் படிப்பு என்ற எண்ணம் பெரியவர்கள் மனத்தில் பதிந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

1978-ல் பள்ளிக்கூடத்திலேயே பிளஸ்-1, பிளஸ்-2 வகுப்புகள் வந்தன. பி.யூ.சி. போய்விட்டது.

2007 முதல் 2016 வரை தமிழ்நாட்டில் நுழைவுத் தேர்வு இல்லை. பிளஸ்-2 மார்க்கைப் பார்த்தே இடம் கொடுத்தார்கள். 2017-ல் "நீட்" வந்தது. அது வேண்டாம் என்று தமிழ்நாடு சட்டசபை 2021-ல் மசோதா நிறைவேற்றியது. 2022-ல் மறுபடியும் நிறைவேற்றியது. அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. இதில் கருத்து வேற்றுமைகள் உண்டு. ஆனால் மகளை டாக்டர் ஆக்க நினைக்கும் குடும்பம் அந்த வழக்குத் தீரும்வரை காத்திருக்க முடியாது. இருக்கிற வாசல் வழியாகத்தான் உள்ளே போயாக வேண்டும்.

வீட்டு வாசலில் கல்லூரி

நெடுங்காலம் தமிழ்நாட்டில் அரசாங்கப் பல் மருத்துவக் கல்லூரி என்றால் சென்னைதான். பின்னர் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பல் மருத்துவக் கல்லூரியும் அரசாங்கக் கல்லூரி ஆயிற்று. மூன்றாவதாக வந்தது புதுக்கோட்டை.

புதுக்கோட்டையில் 2017-ல் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023-ல் அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்தது. ஆண்டுக்கு 50 பேரைச் சேர்க்கிறார்கள்.

ஆலங்குடிக்காரருக்கும் திருமயத்துக்காரருக்கும் கந்தர்வகோட்டைக்காரருக்கும் இனிமேல் பல் மருத்துவக் கல்லூரி என்பது சென்னையில் இருக்கும் ஏதோ ஒன்று அல்ல. பஸ் ஏறினால் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கல்லூரி புதுக்கோட்டையில் இருப்பதால் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு அங்கே தனி இடம் கிடையாது. நூற்றுக்கு 15 இடம் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். மற்ற 85 இடம் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு. அதில் இட ஒதுக்கீடு உண்டு. கன்னியாகுமரிப் பிள்ளையும் இங்கே வரலாம். புதுக்கோட்டைப் பிள்ளை சென்னைக்கும் போகலாம். மார்க்குத்தான் முடிவு செய்யும்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வழி

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தனி வழி ஒன்று இருக்கிறது. 2020-ல் தமிழ்நாடு அரசாங்கம் ஒரு சட்டம் செய்தது. அதன்படி டாக்டர் படிப்பிலும் பல் டாக்டர் படிப்பிலும் நூற்றுக்கு ஏழரை இடம் அரசுப் பள்ளி மாணவ-மாணவிகளுக்கு ஒதுக்கப்படுகிறது.

ஏன் இந்தச் சட்டம் வந்தது? அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் "நீட்" தேர்வில் பணக்காரப் பிள்ளைகளோடு போட்டி போட முடியவில்லை. ஆயிரக்கணக்கில், லட்சக்கணக்கில் செலவு செய்து பயிற்சி பெற அவர்களுக்கு வசதி ஏது? ஆகவே அவர்களுக்குள்ளேயே ஒரு போட்டி வைக்கப்பட்டது.

முதல் ஆண்டில் ஒரு சங்கடம் ஏற்பட்டது. சிலருக்குத் தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஆனால் பணம் கட்ட முடியாமல் அந்த இடத்தை வேண்டாம் என்று விட்டுவிட்டு அழுதுகொண்டே திரும்பினார்கள். அதைப் பார்த்த பிறகு, இந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசாங்கமே ஏற்கும் என்று 2020 நவம்பரில் அறிவிப்பு வந்தது.

புதுக்கோட்டை மாவட்டப் பிள்ளைகள் இந்த வழியில் போயிருக்கிறார்கள். கீரமங்கலம் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் படித்த மாணவிகள் டாக்டர் படிப்பில் சேர்ந்ததை அந்தப் பக்கத்து மக்கள் பெருமையோடு சொல்லுவார்கள்.

இந்த ஒதுக்கீட்டுக்கு ஒரு நிபந்தனை உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ்-2 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டப்படி எட்டாம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இலவசமாகப் படித்து, ஒன்பதாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கும் இது உண்டு. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர்களுக்கு இல்லை.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறு செய்கின்றன. பிள்ளை பத்தாம் வகுப்பில் நல்ல மார்க்கு வாங்கியதும் கடன் வாங்கி வெளியூர்த் தனியார் பள்ளியில் பிளஸ்-1 சேர்க்கிறார்கள். டாக்டர் ஆக்க வேண்டும் என்ற ஆசையில்தான் சேர்க்கிறார்கள். ஆனால் அந்த நிமிஷமே ஏழரை சதவீத ஒதுக்கீட்டை இழந்துவிடுகிறார்கள். கடன் வாங்கிக் கதவைச் சாத்திக்கொண்ட கதைதான் இது!

பிளஸ்-1 சேரும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். உயிரியல் உள்ள பிரிவில் சேர வேண்டும். கணக்கும் கம்ப்யூட்டரும் படித்துவிட்டுப் பிறகு பல் டாக்டர் ஆக வேண்டும் என்றால் வழி மிகவும் கடினமாகிவிடும்.

பாதிப் படிப்பில் இருப்பவர்கள்

இனி, முன்னே சொன்ன பெண்ணைப் போல ஏற்கனவே பி.எஸ்சி. சேர்ந்துவிட்டவர்கள் என்ன செய்வது?

அவர்களில் பலர் நினைக்கிறார்கள்: "ஒரு கல்லூரியில் பேர் இருக்கிறது. பட்டம் முடிக்காமல் இன்னொரு படிப்புக்கு மனுப் போடக் கூடாது." இது வீண் பயம். தாராளமாக மனுப் போடலாம். முதலாம் ஆண்டில் இருந்தாலும் போடலாம். இரண்டாம் ஆண்டில் இருந்தாலும் போடலாம். எத்தனை முறை "நீட்" எழுதலாம் என்பதற்குக் கட்டுப்பாடு இல்லை. மேல் வயது வரம்பும் 2022-ல் நீக்கப்பட்டுவிட்டது. அரசுப் பள்ளியில் படித்தவராக இருந்தால், பிளஸ்-2 முடித்து ஓரிரண்டு ஆண்டு ஆகியிருந்தாலும் ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் கேட்கலாம்.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை தேவை.

இடம் கைக்கு வருமுன்னே படித்துக்கொண்டிருக்கும் படிப்பை விட்டுவிடக் கூடாது. "எப்படியும் கிடைத்துவிடும்" என்று கல்லூரிக்குப் போவதை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்த பிள்ளைகள் உண்டு. கடைசியில் அதுவும் இல்லை, இதுவும் இல்லை என்று ஆகிவிடும். கையில் உள்ள பி.எஸ்சி. ஒரு பாதுகாப்பு. அதைப் பிடித்துக்கொண்டே அடுத்ததை எட்ட வேண்டும்.

2025-ஆம் ஆண்டு "நீட்" தேர்வில் 180 கேள்விகள் இருந்தன. அவற்றில் 90 கேள்விகள் தாவரவியலும் விலங்கியலும். மீதி இயற்பியலிலும் வேதியியலிலும் 45 வீதம். சரியான விடைக்கு 4 மார்க்கு. தப்பான விடைக்கு 1 மார்க்கு குறையும். மூன்று மணி நேரம். தாவரவியலோ விலங்கியலோ வேதியியலோ பி.எஸ்சி.யில் படிக்கும் பெண்ணுக்கு இந்தப் பாடங்கள் அடியோடு மறந்துபோய்விடாது. காலையில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் இரண்டையும் கவனிக்கலாம்.

தேர்வு மே மாதத்தில் வருவது வழக்கம். அதற்கு மனுப் போடும் காலம் சில மாதங்கள் முன்பே வந்து போய்விடும். 2025-ல் பிப்ரவரி 7-ந் தேதி தொடங்கி மார்ச் 7-ந் தேதியோடு முடிந்துவிட்டது. தேர்வு மே 4-ந் தேதி நடந்தது. பொங்கல் கழிந்ததுமே பத்திரிகைகளில் அறிவிப்பைப் பார்த்து வர வேண்டும்.

நீட் எழுதிவிட்டால் மட்டும் போதாது. முடிவு வந்தபின் சென்னையில் உள்ள மருத்துவக் கல்வித் தேர்வுக் குழுவுக்குத் தனியாக மனுப் போட வேண்டும். அதைக் கம்ப்யூட்டர் மூலம் செய்யலாம். இதை மறந்து இடத்தை இழந்தவர்களும் உண்டு.

சான்றிதழ்களைத் தயாராக வைத்திருக்க வேண்டும். மார்க்குப் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆறாம் வகுப்பு முதல் எந்தப் பள்ளியில் படித்தோம் என்பதற்குத் தலைமை ஆசிரியரின் சான்று ஆகியவை முக்கியம். கடைசி நாளில் தாலுகா ஆபீசுக்கு ஓடுவதில் பயன் இல்லை.

இடம் கிடைத்துவிட்டால், பி.எஸ்சி. படிக்கும் கல்லூரியில் சொல்லி மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம். சில இடங்களில் "பாதியில் போகிறாயா? மூன்று ஆண்டுக் கட்டணத்தையும் கட்டு" என்று மிரட்டுவது உண்டு. கல்லூரிகள் மாணவர்களின் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. பெற்றோர் அச்சப்பட வேண்டியதில்லை.

ஆனால் மாணவர்களுக்கும் ஒரு கடமை உண்டு. பல் மருத்துவ இடத்தை வாங்கிக்கொண்டு, பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டால் அபராதம் கட்ட நேரிடும். அதைவிடப் பெரிய பாவம், இன்னொரு பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய இடம் காலியாகப் போவது. ஆகவே சேருமுன் நன்றாக யோசிக்க வேண்டும்.

எல்லோருக்கும் ஏற்றதா?

பட்டம் தேவை இல்லை என்பதற்காக எல்லோரும் பல் டாக்டர் படிப்புக்கு ஓட வேண்டும் என்பது அல்ல.

எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, ஆகவே பி.டி.எஸ். என்று சேருகிறவர்கள் பலர். அரை மனத்தோடு சேர்ந்தால் ஐந்து ஆண்டும் சுமைதான். பல் டாக்டருக்குக் கைத்திறன் வேண்டும். பொறுமை வேண்டும். வலியோடு வருகிறவரிடம் இன்முகம் காட்ட வேண்டும்.

செலவையும் பார்க்க வேண்டும். அரசாங்கக் கல்லூரியில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம். தனியார் கல்லூரியில் லட்சக்கணக்கில் ஆகும். நிலத்தை விற்றுப் படிக்க வைக்கும் முன் பத்துத் தடவை யோசிக்க வேண்டும். படித்து முடித்ததும் அரசாங்க வேலை உடனே கிடைத்துவிடாது. சொந்தமாக ஆஸ்பத்திரி வைக்க வேண்டும் என்றால் நாற்காலிக்கும் கருவிகளுக்கும் முதலீடு தேவை. முதலில் சில ஆண்டு வேறொரு டாக்டரிடம் வேலை பார்த்துவிட்டுத்தான் பலர் தனியாகத் தொடங்குகிறார்கள்.

இவ்வளவையும் அறிந்த பிறகும் "எனக்கு இந்தப் படிப்புத்தான் வேண்டும்" என்று ஒரு பெண் சொன்னால், அவளைப் "பட்டம் முடி" என்று காக்க வைப்பது நியாயம் அல்ல.

பல் டாக்டர் ஏன் தேவை?

கிராமங்களில் பல் வலி வந்தால் என்ன செய்கிறார்கள்? கிராம்பை வைத்துக் கடித்துக்கொள்கிறார்கள். கடையில் மாத்திரை வாங்கிப் போடுகிறார்கள். முகம் வீங்கிய பிறகுதான் டாக்டரைத் தேடுகிறார்கள்.

இதில் பல்லை மட்டும் பார்க்கக் கூடாது. புகையிலை போடும் பழக்கம் உள்ளவர்களுக்கு வாயில் புற்றுநோய் வருகிறது. இந்தியாவில் ஆண்களை அதிகமாகத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் ஒன்று. அது முதலில் ஒரு சிறிய வெள்ளைப் படலமாகவோ, ஆறாத புண்ணாகவோ தோன்றும். வலி இருக்காது. ஆகவே யாரும் கவனிப்பதில்லை. வாயைத் திறந்து பார்க்கும் பல் டாக்டர்தான் அதை முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் உயிரைக் காப்பாற்றலாம்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த புதுக்கோட்டைப் பெண்மணி புற்றுநோய்க்கு ஆஸ்பத்திரி கட்டினார். அதே புதுக்கோட்டையில் படிக்கும் ஒரு பல் டாக்டர், வாய்ப் புற்றுநோயைத் தொடக்கத்திலேயே கண்டுபிடித்துச் சொன்னால் அது அந்தப் பணியின் தொடர்ச்சி அல்லவா?

பள்ளிக்கூடங்களின் கடமை

பெற்றோரை மட்டும் குறை சொல்வதில் நியாயம் இல்லை. இந்த விவரங்களை அவர்களுக்கு யார் சொன்னார்கள்?

பத்தாம் வகுப்பு முடிவு வந்ததும் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் பெற்றோர் கூட்டம் நடத்த வேண்டும். எந்தப் பிரிவு எடுத்தால் எந்தப் படிப்புக்குப் போகலாம், ஏழரை சதவீத ஒதுக்கீடு யாருக்கு, பட்டம் தேவையா இல்லையா, இவற்றை எளிய தமிழில் சொல்ல வேண்டும். பெரிய எழுத்தில் எழுதிப் பள்ளிச் சுவரில் ஒட்ட வேண்டும். கலைக் கல்லூரிகளிலும் முதலாம் ஆண்டு மாணவிகளுக்கு இதைச் சொல்லலாம். அதனால் கல்லூரிக்கு இரண்டு பிள்ளைகள் குறையலாம். நாட்டுக்கு இரண்டு டாக்டர்கள் கிடைப்பார்கள்.

புதுக்கோட்டைக்கு இது புதிய வேலை அல்ல. 1991-ல் இங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்தார். கல் உடைக்கும் பெண்களும் வயல் வேலை செய்யும் பெண்களும் இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். அதோடு நில்லாமல் சைக்கிள் விடவும் கற்றார்கள். ஊர் சிரித்தது. அவர்கள் கவலைப்படவில்லை. பஸ்சுக்காகக் காத்து நின்ற பெண்கள் சைக்கிளில் ஏறித் தாங்களே புறப்பட்டார்கள்.

அந்தப் பெண்கள் இன்று பாட்டிகள். அவர்களுடைய பேத்திகள் பிளஸ்-2 படிக்கிறார்கள். நாற்பது வயதில் கையெழுத்துப் போடக் கற்ற பாட்டிக்குத் தெரியும், "அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவதன் நஷ்டம் என்ன என்று. பேத்தி கேட்கும்போது அந்தப் பாட்டியையும் கேட்டுப் பார்க்கலாம்.

தகப்பனார் சொல்ல வேண்டிய பதில் இதுதான்:

"போடும்மா, மனு. பி.எஸ்சி.யும் படி. இடம் கிடைச்சா நீ டாக்டர். கிடைக்கலேன்னா பட்டம் கையிலே இருக்கு. அடுத்த வருஷம் மறுபடியும் எழுது."

இதற்குப் பணம் தேவை இல்லை. சிபாரிசு தேவை இல்லை. விவரம் தெரிந்தால் போதும்.